மோட்டாரைப் புரட்டும் சட்டம்

மோட்டார் வண்டியின் முகத்தைக் கண்டு மயங்குகிறவர்கள் அநேகர். அதன் வயிற்றைப் பார்த்திருப்பவர்கள் வெகு சிலர். மெருகேற்றிய பானெட்டையும், வெள்ளி போல் மின்னும் பம்பரையும் பார்த்துவிட்டு, "பழைய வண்டியானாலும் எப்படி வைத்துக்கொண்டிருக்கிறார், பாருங்கள்!" என்று வியந்து பேசுகிறோம். அதே வண்டியின் அடித்தட்டில் ஒரு திருப்புளியை வைத்துச் சற்று அழுத்தினால், அது அப்பளத்தில் புகுவது போல் உள்ளே புகுந்துவிடும் என்னும் இரகசியம் பல சமயங்களில் வண்டிக்கு உடையவருக்கே தெரியாது. தெரிந்தவரோ வெளியே சொல்வதில்லை.

இந்த வயிற்றைப் பார்ப்பதற்கும், பார்த்ததோடு நில்லாமல் அதற்குச் சரியானபடி வைத்தியம் செய்வதற்கும் ஏற்பட்ட ஒரு சாதனத்தைப் பற்றியே இங்கே எழுதப் புகுந்திருக்கிறோம். பிரிட்டிஷ் பட்டறைகளில் அதை 'ரோல்ஓவர் ஜிக்' என்கிறார்கள். அமெரிக்காவில் 'ரோட்டிஸரி' என்று பெயர். இறைச்சியைக் கம்பியில் கோத்து நெருப்பின்மேல் சுழற்றி வாட்டுவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. நமக்கு அந்த உவமை அவ்வளவு ருசிக்காதாகையால், தமிழில் 'புரட்டுச் சட்டம்' என்று சொல்லி வைப்போம். 'புரட்டு' என்ற சொல்லையும் 'சட்டம்' என்ற சொல்லையும் சேர்த்துக் கேட்டதும் நேயர்களுக்கு வேறு ஏதாவது நினைவு வந்தால் அதற்கு நாம் பொறுப்பாளியல்ல. இது சட்டசபையில் நிறைவேறும் சட்டமன்று. வெல்டிங் பட்டறையில் நிறைவேறுவது.

அதன் அமைப்பு மிக எளியது. வண்டிக்கு முன்னால் ஓர் இரும்புத் தூண். பின்னால் ஓர் இரும்புத் தூண். ஒவ்வொரு தூணின் தலைப்பிலும் சுழலக்கூடிய ஒரு குழாய். அந்தக் குழாயிலிருந்து இரண்டு கரங்கள் நீண்டு, பம்பர் பொருத்தியிருந்த இடங்களில் வண்டியின் கூட்டைப் பற்றிக்கொள்கின்றன. எஞ்சின், கியர் பெட்டி, அச்சுகள், சக்கரங்கள், கதவுகள், கண்ணாடிகள், இருக்கைகள் எல்லாவற்றையும் கழற்றிய பிறகு எஞ்சி நிற்கும் வெறுங்கூடு, இராட்டினத்தின் கதிரைப் போல் இரு முனைகளிலும் தாங்கப்பட்டு நடுவில் சுழலுகிறது. பக்கவாட்டில் திருப்பலாம், தலைகீழாகவும் நிறுத்தலாம். எந்தக் கோணத்தில் வேண்டுமோ அந்தக் கோணத்தில் ஓர் இரும்பு ஊசியைச் செருகி அசையாமல் நிறுத்திவிடலாம். மல்லாந்து படுத்துச் செய்யவேண்டிய வேலையை நிமிர்ந்து நின்று செய்வதற்கு வழி பிறக்கிறது.

அண்ணாந்து செய்யும் வேலை

இதில் என்ன பெரிய விசேஷம் என்று கேட்பவர்கள், நம் ஊரில் டிங்கர் வேலை நடக்கும் ஏதாவதொரு பட்டறையில் ஒரு மணி நேரம் நின்று பார்க்கவேண்டும். ஜாக்கியால் வண்டியைத் தூக்கி, செங்கல்லையோ மரக்கட்டையையோ அடுக்கி முட்டுக்கொடுத்திருப்பார்கள். அதன் கீழே சாக்கை விரித்து ஒரு தொழிலாளி படுத்திருப்பார். முகத்துக்கும் இரும்புக்கும் இடையே ஒன்றரை அடி இடைவெளி இருந்தால் அதிகம். தலைக்கு மேலே வெல்டிங் செய்யும்போது உருகிய இரும்பு மேலே போகாது, கீழேதான் விழும். கழுத்துப் பட்டிக்குள் விழும், காதுக்குள் விழும். துருவும் பழைய தாரும் கண்ணில் கொட்டும். செங்கல் நொறுங்கினாலோ, ஜாக்கி நழுவினாலோ என்ன ஆகும் என்பதை விவரிக்கவேண்டியதில்லை.

வேலையின் தரமும் இதனால் கெடுகிறது. கீழ்நோக்கிப் பற்றவைக்கும்போது உருகிய உலோகம் தானாகவே இடுக்கில் இறங்கிப் படிகிறது. மேல்நோக்கிப் பற்றவைக்கும்போது அது சொட்டாகத் தொங்கிக் கீழே விழப் பார்க்கிறது. கை தேர்ந்தவர்கள்கூட இந்த முறையில் அரை வேகத்தில்தான் வேலை செய்ய முடியும். கை தேராதவர்கள் நாலு இடத்தில் புள்ளி வைத்துவிட்டு, மேலே தாரைப் பூசி மூடிவிடுவார்கள். அடுத்த மழைக்காலத்தில் அந்த இடம் முதலில் போகும்.

நமது பட்டறைகளில் இதற்கு ஒரு பழைய யுக்தி உண்டு. தேய்ந்துபோன லாரி டயர்களைத் தரையில் பரப்பி, நாலைந்து பேர் சேர்ந்து 'ஐலஸா' போட்டு வண்டியை ஒருக்களித்துச் சாய்த்துவிடுவார்கள். அவசர வேலைக்கு இது ஆகும். ஆனால் பக்கத் தகடு டயரின்மேல் பதிந்து நெளிகிறது. ஒரு பக்கம் முடிந்ததும் மறுபடியும் ஆட்களைக் கூப்பிட்டு மறு பக்கம் சாய்க்கவேண்டும். துருப்பிடித்து நலிந்த கூடானால், சாய்க்கும்போதே முறுக்கிக்கொள்வதும் உண்டு. சாய்த்த வண்டியை நிமிர்த்தின பிறகு கதவுகள் சரியாக மூடவில்லையென்றால், கதவை அடித்து வளைத்துச் சரிக்கட்டுகிறார்களேயொழிய, கூடு கோணிக்கொண்டதை யாரும் கவனிப்பதில்லை.

எலும்பில்லாத வண்டிகள்

ஆதியில் மோட்டார் வண்டிக்குச் சேஸிஸ் என்னும் தனி எலும்புக்கூடு இருந்தது. கனமான இரும்புச் சட்டங்களால் ஆன அதன்மேல் உடலைத் தூக்கி வைத்துப் போல்ட் போட்டு முடுக்கினார்கள். 1922-இல் இத்தாலியில் வெளிவந்த லான்சியா லாம்ப்டா, 1934-இல் பிரான்ஸில் வெளிவந்த சிட்ரோயன் டிராக்ஷன் அவாங் முதலிய வண்டிகள் வேறு வழியைக் காட்டின. தனிச் சேஸிஸ் வேண்டாம், தகட்டையே மடித்துப் பெட்டி பெட்டியாகச் சேர்த்தால் உடலே பாரத்தைத் தாங்கிக்கொள்ளும் என்பது அந்த வழி. இதனால் வண்டியின் எடை குறைந்தது. ஆனால் ஒரு வினையும் கூடவே வந்தது. பழைய வண்டியில் தகடு துருப்பிடித்தால் அழகு மட்டுமே கெடும். புது மாதிரி வண்டியில் அடித்தட்டோ, கதவுக்குக் கீழுள்ள பெட்டிச் சட்டமோ துருப்பிடித்தால் முதுகெலும்பே அரித்துப்போனதாக அர்த்தம்.

நம் தேசத்து வண்டிகளை எடுத்துக்கொள்வோம். 1942-இல் பிர்லா குடும்பத்தார் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியை ஆரம்பித்தார்கள். 1944-இல் வால்சந்த் ஹீராசந்த் பம்பாயில் பிரீமியர் கம்பெனியைத் தொடங்கினார். அந்நியர் ஆட்சி நடந்துகொண்டிருந்த நாளில், யுத்தத்தின் நடுவே, "மோட்டார் வண்டியை நாமே செய்வோம்" என்று முன்வந்தது லேசான காரியமல்ல. சுதந்திரம் வந்தபின் சென்னையும் சும்மா இருக்கவில்லை. 1948-இல் ஏற்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 வண்டிகளைப் பூட்டி வெளியிட்டது. வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி எழுந்தது. பிற்காலத்தில் ஹெரால்டு வண்டி அங்கேதான் உருவாயிற்று.

இவற்றில் ஆஸ்டின் ஏ-40 வண்டிக்கும் ஹெரால்டு வண்டிக்கும் தனிச் சேஸிஸ் உண்டு. உடலைக் கழற்றித் தனியே வைத்துவிடலாமாகையால் அவற்றுக்குப் புரட்டுச் சட்டம் கட்டாயமல்ல. ஆனால் நம் தேசத்துத் தெருக்களையெல்லாம் ஆண்ட அம்பாஸடரும், பிரீமியர் பத்மினியும் எலும்பில்லாத ஜாதியைச் சேர்ந்தவை. அம்பாஸடர் உத்தரபாராவில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உற்பத்தியாகி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. பத்மினி இந்த நூற்றாண்டு பிறக்கும் தறுவாயிலேயே நின்றுபோயிற்று. இனிப் புதிதாக ஒரு கூடு எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வரப்போவதில்லை. இருப்பதைக் காப்பாற்றினால் உண்டு. இல்லையேல் பழைய இரும்புக் கடைதான்.

உண்மையான சட்டமும் ஒன்று இதில் குறுக்கிடுகிறது. 2021-ஆம் ஆண்டு மத்திய அரசாங்கம் ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிகளைப் புராதன வண்டிகளாகப் பதிவு செய்துகொள்வதற்கு விதிகளை வகுத்தது. அவற்றுக்கு 'வி.ஏ.' என்னும் எழுத்துக்கள் சேர்ந்த தனி எண்; புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000. சேஸிஸையோ, உடற்கூட்டையோ, எஞ்சினையோ கணிசமாக மாற்றியமைத்திருக்கக்கூடாது என்பது முக்கியமான நிபந்தனை. ஆகவே, துருப்பிடித்த கூட்டை எறிந்துவிட்டு வேறெதையோ ஒட்டவைக்கும் வேலை இங்கே செல்லாது. பழைய கூட்டையே, அதன் பழைய அளவிலேயே, அங்குலம் அங்குலமாகச் சீர்செய்தாகவேண்டும். அதற்குப் புரட்டுச் சட்டத்தைவிடப் பெரிய துணை கிடையாது என்பது நமது அபிப்பிராயம்.

வாங்குவதா, கட்டுவதா?

மேல்நாடுகளில் இது கடைச் சரக்கு. பணத்தைக் கொடுத்தால் போல்ட் போட்டுப் பூட்டிக்கொள்ளும்படி பகுதி பகுதியாக அனுப்பிவைப்பார்கள். உயர்ந்த ரகங்களில் தூணை ஏற்றி இறக்க நீரழுத்த ஜாக்கியும், கைப்பிடியைச் சுற்றினால் மெல்ல மெல்லக் கூட்டைத் திருப்பும் வார்ம் கியரும் இருக்கும். இவற்றில் வார்ம் கியர் மெய்யாகவே மெச்சத்தக்கது. கைப்பிடி கியரைத் திருப்பும். ஆனால் கூட்டின் பாரம் கைப்பிடியைத் திருப்பித் தள்ள முடியாது. கையை விட்டாலும் கூடு நின்ற இடத்திலேயே நிற்கும்.

மற்றபடி அதில் இருப்பதெல்லாம் சதுரக் குழாயும், தகடும், போல்ட்டுமே. இந்த இரும்பைக் கப்பலில் ஏற்றிக் கடல் கடந்து கொண்டுவருவது, கொல்லையில் கீரையை வைத்துக்கொண்டு கடைக்கு ஓடுவது போன்றது. வீட்டுக் கதவுக்குக் கிராதி செய்து கொடுக்கும் எந்த வெல்டிங் பட்டறையும், அளவு சரியாகச் சொன்னால், ஒரு வாரத்தில் இதைச் செய்து கொடுத்துவிடும். சென்னைப் புதுப்பேட்டையைப் போன்ற பழைய சாமான் சந்தைகளில் அலைய மனமுள்ளவர்களுக்குச் சுழலும் பாகத்துக்கு ஏற்ற பழைய லாரி ஹப்பும் அகப்படும். சட்டத்தைக் கட்டிக்கொள்வது, திருப்பும் கியரை மட்டும் விலைக்கு வாங்குவது என்பதே நமக்கு உசிதமாகத் தோன்றுகிறது. கியருக்கும் பணமில்லையென்றால் துளையிட்ட வட்டத் தகடும் ஊசியும் போதும்.

ஒருவேளை பிறர் உபயோகித்த சட்டத்தை மலிவாக வாங்க நேர்ந்தால், பெயிண்டைப் பார்த்து ஏமாறாமல் பற்றுவைத்த இடங்களைப் பார்க்கவேண்டும். தூண் அடிச்சட்டத்தோடு சேரும் மூலையில் முட்டுத் தகடு இருக்கிறதா, சக்கரங்களுக்குப் பூட்டு இருக்கிறதா, சுழலும் குழாய் முன்னோக்கி வழுகி வெளியே வராமல் தடுப்பு வளையம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். உராய்வினால் மட்டும் நிற்கும் பூட்டாக இருந்தால், அதாவது ஒரு திருகை முடுக்கிக் குழாயை அழுத்திப் பிடிக்கும் ஏற்பாடாக இருந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் அதை அப்படியே நம்பி உபயோகிக்கக்கூடாது. ஊசி குறுக்கே பாயும் பூட்டே பூட்டு.

இன்னொரு விஷயம். ஒரு வண்டிக்குச் சில மாதங்கள் இது உதவும். பிறகு மூலையில் கிடக்கும். சென்னையிலும் கோயமுத்தூரிலும் பழைய வண்டி அபிமானிகள் சங்கம் கூடி வருகிறார்கள். வருஷத்துக்கொரு முறை ஊர்வலம் விடுவதோடு நில்லாமல், ஊருக்கு ஒரு பொதுச் சட்டத்தைச் செய்து வைத்து, தேவைப்பட்டவர் எடுத்துப் போய்த் திருப்பிக் கொடுக்கும்படி ஏற்பாடு செய்தால் என்ன?

அளவும் கணக்கும்

அம்பாஸடரின் அகலம் சுமார் ஐந்தரை அடி. நீளம் பதினான்கு அடிக்குச் சற்று அதிகம். பக்கவாட்டில் திருப்பும்போது கூட்டின் பாதி அகலம், அதாவது இரண்டே முக்கால் அடி, அச்சுக்குக் கீழே தொங்கும். தலைகீழாகத் திருப்பும்போது கூரை ஏறக்குறைய மூன்றடி கீழே இறங்கும். ஆகையால் சுழலும் அச்சு தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருந்தால் இடிக்காது. நின்று வேலை செய்யவும் வசதி. அடிச்சட்டத்தின் குறுக்கு அகலம் ஐந்தடிக்குக் குறையலாகாது. இருபதடி நீளமும் பத்தடி அகலமும் உள்ள இடம் வேண்டும். தரை சமமான சிமெண்டுத் தரையாக இருப்பது அவசியம்.

தூணுக்கும் அடிச்சட்டத்துக்கும் 75 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 4 மில்லிமீட்டர் கனம். இது மீட்டருக்குச் சுமார் எட்டரை கிலோ நிற்கும். கரங்களுக்கு 50 மில்லிமீட்டர் சதுரக் குழாய் போதும். இரண்டு தூண்களையும் தரையோடு தரையாக இணைக்கும் நீண்ட சட்டத்தையும் சேர்த்து மொத்தம் 150 கிலோ இரும்பு ஆகலாம். இந்த இணைப்புச் சட்டத்தைச் சிலர் வேண்டாமென்று விட்டுவிடுகிறார்கள். காலில் தடுக்குகிறதாம்! அது இல்லாவிட்டால் இரண்டு தூண்களையும் பிணைத்து நிற்பது துருப்பிடித்த கூடு ஒன்றுதான். எதைத் தாங்குவதற்காகத் தூண்களைக் கட்டினோமோ அதுவே தூண்களைத் தாங்கும் நிலைமை ஏற்படும். காலில் தடுக்கினால் தடுக்கட்டும்; சட்டம் இருக்கவேண்டும்.

சுழலும் பாகத்துக்கு, ஒன்றுக்குள் ஒன்று தளர்வில்லாமல் நுழையும் இரண்டு கனத்த குழாய்கள் தேவை. லேத்துப் பட்டறையில் கொடுத்துச் சற்றே கடைந்து வாங்கவேண்டியிருக்கும். வெளிக் குழாய் ஒரு சாணுக்குக் குறையாத நீளமிருந்தால் பாரம் ஒரே விளிம்பில் விழாமல் பரவும். நடுவில் கிரீஸ் ஏற்றுவதற்கு ஒரு துளை. முன் தூணின் குழாயும் பின் தூணின் குழாயும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டியது மிக முக்கியம். நூல் பிடித்தும், கொத்தனார்கள் உபயோகிக்கும் தண்ணீர்க் குழாய் மட்டத்தை வைத்தும் இதைச் சரிபார்க்கலாம். கோடு தவறியிருந்தால், திருப்பத் திருப்பக் கூட்டையே முறுக்கிப் பார்க்கும்.

இனிச் சட்டத்தின் உயிர்நிலைக்கு வருவோம். அதுதான் பாரமையம்.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அது நிமிர்ந்து நின்றுவிடுகிறது. பாரமெல்லாம் அடியில் இருப்பதே காரணம். சுழலும் அச்சு கூட்டின் பாரமையத்துக்கு மேலே அமைந்துவிட்டால், கூடும் அந்தப் பொம்மையைப் போலவே நடந்துகொள்ளும். எவ்வளவு பேர் சேர்ந்து திருப்பினாலும், கையை விட்டதும் பழைய நிலைக்கே ஓடிவரும். அச்சு பாரமையத்துக்குக் கீழே அமைந்துவிட்டாலோ, தலைக்கனம் பிடித்த மனிதனைப் போல, சிறிது சாய்ந்ததும் சரேலென்று குப்புறக் கவிழும். முன்னது சிரமம், பின்னது அபாயம். அச்சுக்கோடு பாரமையத்தின் ஊடாகவே செல்லும்படி அமைத்தால், முந்நூற்றைம்பது கிலோ இரும்பை ஒரு சிறுவன் ஒரு கையால் திருப்பலாம்.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். வெறுங்கூடு 350 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அச்சு பாரமையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் விலகியிருக்கிறது. கூட்டைப் பக்கவாட்டில் நிறுத்தும்போது, ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 35 கிலோ பாரத்தை ஓயாமல் தாங்கிப் பிடிக்கவேண்டும். விலகலை 2 சென்டிமீட்டராகக் குறைத்துவிட்டால் 7 கிலோவே போதும். பூட்டு ஊசியின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. அது அச்சிலிருந்து 12 சென்டிமீட்டர் தூரத்திலேயே இருப்பதால், முதல் உதாரணத்தில் அதன்மேல் விழும் பாரம் ஏறக்குறைய 290 கிலோ. கூட்டின்மேல் யாராவது சாய்ந்தால் இன்னும் ஏறும். ஆகவேதான் ஊசி 16 மில்லிமீட்டருக்குக் குறையாத நல்ல போல்ட்டாக இருக்கவேண்டும், ஆணித் துண்டாக இருக்கக்கூடாது என்று வற்புறுத்துகிறோம். வட்டத் தகட்டில் 12 துளைகள் போட்டால் 30 பாகைக்கு ஒரு முறை நிறுத்தலாம்.

பாரமையத்தைப் புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, சோதித்துத்தான் அறியவேண்டும். குழாயையும் கரங்களையும் இணைக்கும் தகட்டில் ஓர் அங்குலத்துக்கு ஒன்றாக மேலும் கீழும் துளைகள் போட்டு வைக்கவேண்டும். கூட்டை ஏற்றியதும், இரு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொண்டிருக்க, பத்துப் பாகை அளவு மட்டும் சாய்த்துப் பார்க்கவேண்டும். திரும்பி வந்தால் அச்சு உயரத்தில் இருக்கிறது. மேலும் சாயப் பார்த்தால் தாழ்வில் இருக்கிறது. கூட்டை ஜாக்கியில் தாங்கிக்கொண்டு ஒரு துளை மாற்றி, மறுபடியும் சோதிக்கவேண்டும். அரை நாள் இதில் கழிந்தால் நஷ்டமில்லை. புது அடித்தட்டு வைத்த பிறகும், கதவுகளை மாட்டிய பிறகும் பாரமையம் இடம் மாறிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

தொங்கவிடுவதற்கு முன்

எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம் அவசரம். சாதாரணமாக வண்டியின் பாரத்தைச் சக்கரங்களுக்கு அருகிலுள்ள இடங்கள் தாங்குகின்றன. புரட்டுச் சட்டத்தில் ஏற்றினால் மூக்கும் வாலும் தாங்கவேண்டும். அதனால் நடுப்பாகம் தொய்யப் பார்க்கும். கதவு வாசலின் மேல் பக்கம் நெருங்கும், கீழ்ப்பக்கம் அகலும். கதவுக்குக் கீழுள்ள பெட்டிச் சட்டம் உறுதியாயிருந்தால் இது கண்ணுக்குத் தெரியாத அளவிலேயே நின்றுவிடும். அந்தச் சட்டமே துருப்பிடித்திருந்தாலோ, கூடு தொய்ந்த நிலையில் புதுத் தகட்டை வைத்துப் பற்றவைத்துவிட்டால், அந்தத் தொய்வு சாசுவதமாகிவிடும். பிறகு பிரம்மதேவன் வந்தாலும் கதவு சரியாக மூடாது.

எனவே முறை இது. கதவுகளைக் கழற்றுவதற்கு முன்பே, கதவுக்கும் வாசலுக்கும் இடையிலுள்ள சந்துகளை நாலு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளவேண்டும். பிறகு வாசல்களின் குறுக்கே 25 மில்லிமீட்டர் சதுரக் குழாயைப் பெருக்கல் குறி போல் வைத்துப் பற்றவைக்கவேண்டும். இடது தூணிலிருந்து வலது தூணுக்கும் ஒன்று போடுவது நலம். கூட்டை அதன் வழக்கமான தாங்குமிடங்களிலேயே சமமட்டமாக நிறுத்தி, பெட்டிச் சட்டங்களை, ஒரு பக்கம் முடித்த பிறகே மறு பக்கமாக, மாற்றவேண்டும். முதுகெலும்பு உறுதிப்பட்ட பின்னரே புரட்டுச் சட்டத்தில் ஏற்றவேண்டும். ஏற்றின பிறகு மறுபடியும் அளக்கவேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் காட்டினால் இறக்கிவிடுவதே புத்திசாலித்தனம்.

அம்பாஸடரைப் பிரிப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதன் முன்பக்கம் முறுக்குக் கம்பியின் பலத்தில் நிற்கிறது. முறுக்கைத் தளர்த்தாமல் கையை வைத்தால் கரம் தெறித்து எலும்பை முறித்துவிடும். பெட்ரோல் தொட்டியையும் அதன் குழாய்களையும் வெல்டிங் கருவி பட்டறைக்குள் நுழைவதற்கு முன்பே அப்புறப்படுத்திவிடவேண்டும். காலித் தொட்டிதானே என்று எண்ணுகிறவர்கள், காலித் தொட்டியில் நிறைந்திருக்கும் ஆவிதான் வெடிக்கிறது என்பதை அறியவேண்டும்.

சட்டத்தின்மேல்

முதன்முறை தலைகீழாகத் திருப்பும்போது யாரும் கீழே நிற்கக்கூடாது. பெட்டிச் சட்டங்களுக்குள்ளிருந்து பல வருஷத்து மண்ணும், துருச் செதிளும், காணாமற்போன திருகாணிகளும், எலி சேர்த்துவைத்த பஞ்சும் மழையாகக் கொட்டும். அடியிலுள்ள பழைய தாரைச் சூடுகாட்டி இளக்கிச் சுரண்டுகிறவர்கள் பக்கத்தில் தண்ணீர் வாளியும் மணலும் வைத்துக்கொள்ளட்டும், தார் தீப்பிடிக்கும். பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருப்பது சகஜம். ஆதலால் உலரத் தேய்த்துப் புழுதி கிளப்பாமல், மூக்கை மூடிக்கொண்டு, நனைத்துத் தேய்ப்பதே மேல்.

காற்றழுத்தத்தால் ஆற்று மணலை வீசித் துருவை அகற்றும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அந்த மணற்புழுதி நுரையீரலில் படிந்து சிலிக்கோஸிஸ் என்னும் தீராத வியாதியை உண்டாக்கும். பிரிட்டனில் 1950-ஆம் ஆண்டை ஒட்டியே இந்த வேலைக்கு மணலை விலக்கிவிட்டார்கள். நாமும் அதைக் கைவிட்டு, இதற்கென்று விற்கும் வேறு பொடிகளைக் கையாளவேண்டும். முதலாளி காசை மிச்சப்படுத்துவதற்காகத் தொழிலாளி மூச்சைச் செலவழிப்பது எந்த தேசத்துக்கும் பெருமை தராது.

இவ்வளவு ஜாக்கிரதைக்கும் பின்னால் வேலை நடக்கும் அழகே தனி. அடித்தட்டு ஒரு சுவரைப் போல் எதிரே நிற்கிறது. துருப்பட்ட பாகத்தை நேர்கோடாக வெட்டியெடுத்து, அளவாக நறுக்கிய புதுத் தகட்டை வைத்து, கண்ணெதிரே பற்றவைக்கலாம். மெல்லிய தகடு சூட்டில் நெளியாமலிருக்க, ஓரிடத்திலேயே நில்லாமல் இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று மாற்றி மாற்றி வைக்கவேண்டும். இணைப்புகளில் பூசும் அடைப்புப் பசை இடுக்கில் தானாகவே வழிந்து இறங்கும். பெயிண்டும் கண்ணில் சொட்டாது. கடைசியில் பெட்டிச் சட்டங்களுக்குள் மெழுகு மருந்தைப் பீய்ச்சி, கூட்டை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால், கையும் தூரிகையும் எட்டாத மூலைகளிலெல்லாம் அது ஓடிப் படியும். கடற்காற்று வீசும் சென்னைப் பட்டினத்தில் இந்த ஒரு சுற்றுக்காகவே சட்டத்தைக் கட்டலாம்.

வேலை முடிந்தபின் கூட்டை நிமிர்த்தி, ஊசி போட்டு, ஜாக்கிகளின்மேல் பாரத்தை இறக்கிய பிறகே கரங்களின் போல்ட்டுகளைத் தளர்த்தவேண்டும். வாசல்களில் குறுக்கே வைத்த குழாய்களை அப்போதும் வெட்டிவிடக்கூடாது. அச்சுகளையும் சக்கரங்களையும் மாட்டி, கூடு தன் காலில் தானே நின்றபின், முதலில் எழுதிவைத்த அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அவற்றை வெட்டலாம். சட்டத்தின் போல்ட்டுகளையும் ஊசிகளையும் எண்ணி ஒரு டப்பாவில் போட்டு, தூணோடு சேர்த்துக் கட்டிவைப்பது நல்லது. இரவல் வாங்கிப் போகிறவர் முதலில் தொலைப்பது அவற்றைத்தான்.